இரைச்சல் நின்ற மதியம்

சம்பூர்ணத்தைக் காவிரிக்கரையில் எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில், பாவாயியின் கிரைண்டருக்குள் இருந்து அவள் 'ம்' என்றாள்.

பாவாயி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அரைக்கும்போது பேசாமல் இருக்க அவளுக்கு வராது. முந்தின நாள் சாவு வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வாசலோடு திரும்பிவிட்டார்கள், யார் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றவளின் கம்மலைப் பார்த்தார்கள் என்று, கேட்க ஆள் இல்லை என்பதையே மறந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி, ஓர் இடத்தில் நிறுத்தினாள். அந்த மாதிரி இடத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சம்பூர்ணம் உம் கொட்டுவாள். கிரைண்டர் உம் கொட்டியது. கல் உருளும் சத்தமும் பெல்ட் இழுபடும் சத்தமும் பாவாயிக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. அவள் உளுந்தின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு மேலே சொன்னாள். பாதியில் விட்டால் சம்பூர்ணத்துக்குப் பிடிக்காது.

குமாரபாளையத்தில் ஓடக்காட்டுத் தெரு என்பது வீடுகளுக்கு நடுவே விசைத்தறிகள் முளைத்த தெருவா, தறிகளுக்கு நடுவே வீடுகள் முளைத்த தெருவா என்று யாருக்கும் நினைவில்லை. அங்கே பிறந்தவர்கள் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் சண்டை போடுகிறார்கள் என்று ஆட்கள் விலக்கிவிட வருவார்கள். அந்தத் தெருவில் சத்தம் போடாமல் பேசியவள் சம்பூர்ணம் ஒருத்திதான். பேசினாள் என்பதைவிடக் கேட்டாள் என்று சொல்லலாம். நாச்சிமுத்துவின் பட்டறையில் ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கும் தார் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் சொல்வதை எல்லாம் கேட்டு, அவரவருக்குத் தகுந்தபடி உம் கொட்டுவாள். ஐப்பசி மழையில் பட்டறைக்குள் தண்ணீர் ஏறிய ஒரு மதியம் மிஷினை நிறுத்தக் கை வைத்தவள், கரண்ட் அடித்து, வைத்த கையோடு நின்றாள். பீஸ் போய்த் தெரு இருண்டது. சாயங்காலம் லைன்மேன் இருசப்பன் வந்து பீஸ் கட்டையை மாட்டியபோது கரண்ட் வந்தது. கரண்டோடு அவளும் வந்தாள். கம்பி வழியாகப் போனவள் கம்பியிலேயே தங்கிவிட்டாள் என்பதற்கு மேல் தெரு விளக்கம் எதையும் தேடவில்லை.

அந்த வாரத்துக்குள் அவள் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டாள். தையல்காரியின் மிஷின் மோட்டாரில் வந்தாள், சலூன்காரரின் மின்விசிறியில் வந்தாள், பழைய பிரிட்ஜ் ஒன்று நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தாள், தறிகளில் எல்லாம் வந்தாள். 'ம்' ஒன்றுதான் சொன்னாள் என்றாலும் அந்த ஒன்றில் அவளுக்குப் பல இருந்தன. 'மேலே சொல்' என்று ஒன்று, 'எனக்கு அப்பவே தெரியும்' என்று ஒன்று, 'பாவம்' என்று ஒன்று, 'இதை என்னிடம் சொன்னாய் சரி, வேறு யாரிடமும் சொல்லாதே' என்று நீட்டி இறக்குவது ஒன்று. உயிரோடு இருந்தபோது அவளிடம் போய் உட்காரக் கூச்சப்பட்ட ஆண்கள்கூட இப்போது தறியின் மேல் குனிந்து, நூல் அறுந்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, முந்தின நாள் குடித்ததையும் பெண்டாட்டியை அடித்ததையும் முதலாளியின் குணத்தையும் சொன்னார்கள். மாரப்பன் என்ற தறிக்காரன் தினமும் ஒரே பொய்யைச் சொல்லி, தினமும் நம்பாத 'ம்' ஒன்றை வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒருநாள் நிஜத்தைச் சொல்லிவிட்டு அழுதான். பெண்கள் மீட்டர் பெட்டிக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஒன்றை டிரான்ஸ்பார்மருக்கு அடியிலும் வைத்துவிட்டுப் போனார்கள். இருசப்பன் கம்பத்தில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றினார். அது அவர் எப்போதும் செய்வதுதான். ஏறியபின், "அக்கா, சித்த தள்ளிக்கங்க, ஜம்பர் மாத்தோணும்" என்று சொல்வது மட்டும் புதிது.

அவள் வராத வீடு தெருவில் ஒன்றே ஒன்றுதான். அது அவள் வீடு.

அவள் கணவர் அர்த்தனாரி நூல் மண்டியில் வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. மண்டியிலிருந்து வந்து கை கால் கழுவியதும் உள்ளறையில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, இரண்டு தேக்குப் பெட்டி ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கச்சேரி அவருக்கு ஒரு சாக்கு. கம்பியை மீட்டிய பிறகு அந்த நாதம் தேய்ந்து தேய்ந்து எந்த இடத்தில் இல்லாமல் போகிறது என்று கேட்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை, அந்தத் தெருவில் அது முடியாத ஆசை. தறி மோட்டார்கள் கரண்டைக் கலக்கிவிட்டன; கலங்கிய கரண்ட் ஸ்பீக்கரில் உம்மென்று இரைந்தது. நாதம் முடியும் முன்பே இரைச்சல் வந்து அதை மூடிக்கொண்டது. அவர் ஒயரை மாற்றினார், எர்த் கம்பிக்கு வாசலில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டார், கடைசியில் பெங்களூரிலிருந்து கரண்டைச் சுத்தம் பண்ணும் பில்டர் பெட்டி ஒன்றை வரவழைத்தார். அதை வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மீட்டரை ஒட்டி அதை மாட்டினார். அந்த வீட்டில் பல்பு எரிந்தாலும் மோட்டார் ஓடினாலும் அதன் வழியாக வடிந்து வந்த கரண்டில்தான்.

அதனால் ஏதாவது பிரயோசனம் உண்டா என்று தெரு இரண்டாகப் பிரிந்து பேசியது.

"என்னங்க அர்த்தனாரி, கரண்டுக்கு வடிகட்டியா?" என்றார் நாச்சிமுத்து, டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி. "வடிகட்டுன சக்கையெல்லாம் எங்க கொட்டுவீங்க? எங்க பட்டறைப் பக்கம் கொட்டிப்போடாதீங்க."

"சிரிங்க. ஒருநா வந்து கேளுங்க. அப்பறம் பேசலாம்."

"வந்து கேட்டனே போன வாரம். பிடிலு பிடிலு மாதிரித்தான் இருந்துச்சு."

"உங்களுக்குத் தறியே பிடிலு மாதிரித்தானுங்க இருக்கும்."

வித்தியாசம் இருக்கிறது, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று அர்த்தனாரி சொன்னார். அதைச் சோதிக்கவும் செய்தார். பில்டர் வழியாக ஒன்று, நேராக ஒன்று என்று மாற்ற மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது. சம்பூர்ணத்தை அங்கே நிறுத்தி, அவள் இஷ்டத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, "இப்ப பில்டர்ல... இப்ப நேரா... இப்ப மறுக்கா பில்டர்ல" என்று சொல்வார். அவள் அங்கிருந்தே "ஆமாங்க", "ஆமாங்க" என்பாள். அவள் ஒரு தடவைகூட சுவிட்சைத் தொட்டதில்லை, மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள் என்பது அர்த்தனாரியைத் தவிரத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

வேலை முடிந்தால் அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து கேட்பாள். பாட்டு இழைந்து ஓர் இடத்தில் நிற்கும்போது, பழக்கத்தில், 'ம்' என்பாள். அவர் திரும்பாமல் ஒரு விரலை உயர்த்துவார். கல்யாணமான புதிதில் அப்படிச் சில தடவை நடந்தது. பிறகு அவள் உம் கொட்டுவதில்லை. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவள் தெருவில் இருக்கிறாள் என்பதை அவருக்குப் பாவாயிதான் சொன்னாள். துக்கத்தில் இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சட்னிக் கிண்ணத்தை நீட்டும் சாக்கில், "மாமா, அக்கா எங்க ஊட்டுக்கு வருதுங்க" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே வந்தார். பாவாயி கிரைண்டரைப் போட்டு, கட்டிக்கொடுத்த மகள் கோமதியைப் பற்றி ஒரு சங்கதியை ஆரம்பித்து, உம் கொட்டும் இடத்தில் நிறுத்தினாள். கல் உருண்டது. பெல்ட் இழுபட்டது. அவ்வளவுதான். அவர் சலூனுக்குப் போனார். விசிறி சும்மா சுற்றியது. பட்டறைக்குப் போனார், தறிகள் தறிகளாக ஓடின. அவர் வாசல் தாண்டியதும் எல்லா இடத்திலும் அவள் மறுபடி உம் கொட்டினாள். பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெண் புருஷன் வந்து நின்றால் சட்டென்று நிறுத்துவதில்லையா, அப்படித்தான் இது என்று தெரு எடுத்துக்கொண்டது. அவர் தலை தெரிந்தாலே பெண்கள் அவசரமாக, "அக்கா, மாமா வர்றாரு" என்று மிக்சியை அணைத்தார்கள்.

அர்த்தனாரி பில்டரைக் குற்றம் சொன்னார். "வடிகட்டறது பூராவும் அது வடிகட்டிருக்கும். அவளையும் சேத்து" என்று இருசப்பனிடம் சொல்லி, அதைக் கழற்றச் சொன்னார். இருசப்பன் கழற்றினார். பில்டர் வந்த பிறகு முதல்முறையாகத் தெருவின் கரண்ட் எதுவும் கழிக்கப்படாமல் அந்த வீட்டுக்குள் வந்தது. அர்த்தனாரி இசைத்தட்டு எதுவும் போடாமல் ஆம்ப்ளிபயரை மட்டும் போட்டு, சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரைச்சல் வந்தது. வாழ்நாள் முழுக்கப் பகையாளியாக நினைத்த இரைச்சலை அவர் நூல் சிக்கெடுப்பதுபோலப் பிரித்துப் பிரித்துக் கேட்டார். இது நாச்சிமுத்துவின் தறி வரிசை. இது வெல்டிங் கடை. இது யார் வீட்டு மோட்டாரோ. இந்த மெல்லிசான இழை பாவாயியின் கிரைண்டர். எல்லாவற்றையும் பிரித்து ஒதுக்கிவைத்தபின் மீதி ஒன்று இருக்கும், அது அவளாக இருக்கும் என்று காத்திருந்தார். மீதி எதுவும் இல்லை.

அவர் மண்டிக்குப் போவதைக் குறைத்தார். தாடி வளர்ந்தது. பொங்கி வைத்த சோறு ஊசிப்போய்த் தெருநாய்க்குப் போனது. ஒருநாள் பாவாயி பொறுக்காமல் கிரைண்டருக்கு முன்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள்.

"ஏனக்கா, ஊட்டுக்குப் போக மாட்டீங்களா? அந்த மனுசன் எளச்சுப் போயிட்டாருங்க. ஒரே ஒருக்கா. போயி ஒரு சத்தம் குடுத்துட்டு வந்துருங்க."

அந்தக் கேள்விக்கு மட்டும் கிரைண்டர் உம் கொட்டவில்லை.

பிறகுதான் தெரு கூடியது. சாப்பாட்டு நேரத்தில், நாச்சிமுத்துவின் பட்டறை வாசலில், தூக்குப்போசிகளைத் திறந்துவைத்துக்கொண்டு பேசினார்கள். அக்காவுக்குக் கோபம் என்றாள் தையல்காரி. கூச்சம் என்றார் சலூன்காரர். மாரப்பன் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "ரெண்டுமில்ல. அக்காளால போக முடியல" என்றான்.

"ஏன்டா முடியல? கால்ல கட்டு போட்டிருக்குதா?"

"லோடு எங்கயோ அங்கதான கரண்டு போவும்? இங்க இத்தன தறி, இத்தன கிரைண்டரு, எல்லாஞ் சேந்து இழுக்கறோம். மாமா ஊட்டுல என்ன இருக்குது? ஒரு பாட்டுப் பொட்டி. அக்கா போகோணும்னு நெனச்சாலும் நாம உடறதில்ல."

தாங்கள்தான் அவளைப் பிடித்துவைத்திருக்கிறோம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எல்லாரும் இருசப்பனைப் பார்த்தார்கள். கம்பம் ஏறுகிறவர், கரண்டைப் பற்றி அவர்தான் சொல்லவேண்டும்.

"அவன் சொல்றது ஞாயந்தான்" என்றார் இருசப்பன். "டிரான்ஸ்பார்மர்ல ஆப் பண்ணுனா மாமா ஊட்டுக்கும் இருக்காது. அவரு ஊடு ஒண்ண உட்டுட்டு அவங்கவங்க மெயினை அவங்கவங்க எறக்கோணும். ஒரு ஊடு பாக்கி இருக்கக் கூடாது. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிஞ்சாலும் அக்கா அதுல போயி நின்னுக்கும்."

"தறி?" என்றான் ஒருவன், மெதுவாக.

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பட்டறையில்தான் தறிகள் அதிகம். அவருடைய பட்டறையில்தான் தண்ணீர் ஏறியது.

"அவ செத்தன்னிக்கிக் கூட நைட் சிப்டு ஓட்டுனன்" என்றார். "நிறுத்தலாம்."

வியாழக்கிழமை மதியம் என்று முடிவானது. அர்த்தனாரி அன்று முகச்சவரம் செய்துகொண்டார், வேட்டி மாற்றினார், அறையைக் கூட்டினார். ஸ்பீக்கருக்கு எதிரே தன் நாற்காலியைப் போட்டார். அதை எடுத்துவிட்டு, இரண்டு நாற்காலிகளைப் போட்டார்.

வெளியே ஒவ்வொரு வீடாக அணைந்தது. சலூன் நின்றது, வெல்டிங் நின்றது, மிக்சிகள் நின்றன. மாவு பாதி அரைபட்டிருக்க, "போயிட்டு வாங்க அக்கா" என்று சொல்லிப் பாவாயி மெயினை இறக்கினாள். தையல்காரி கல்யாண ரவிக்கையின் ஒரு கையைத் தைத்து மறு கையைத் தைக்காமல் எழுந்தாள். கடைசியாகத் தறிகள் ஒவ்வொன்றாக, ஊடை நூலோடு ஓடும் நாடாவை ஒரு முறை அடித்து நின்றன. ஓடக்காட்டுத் தெருவில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. ஆயுத பூஜைக்குத் தறி நின்றாலும் மைக்செட் ஓடும். இப்போது காக்காய் கத்துவது கேட்டது. ஒருவர் செருப்பு மண்ணில் உரசுவது கேட்டது. யாரோ வழக்கம்போல உரக்க "முடிஞ்சுதா?" என்று கேட்டது தெருக்கோடி வரை போய்த் திரும்பி வர, கேட்டவர் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாரும் வெயிலில் வந்து அர்த்தனாரியின் வீட்டுக்கு முன்னால் நின்றார்கள். இருசப்பன் ஜன்னல் வழியாக, "போடுங்க மாமா" என்றார்.

அர்த்தனாரி சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார், குமிழ் அதற்கு மேல் திரும்பாத இடம் வரை. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. இரைச்சல் இல்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று காதை ஒட்டிவைத்தார், கெடவில்லை. அது திறந்திருந்தது. அதற்குள் ஒருவரும் இல்லை.

"சம்பூ" என்றார்.

காத்திருந்தார். பிறகு, பாட்டுக் கேட்டால் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள் என்பது நினைவுக்கு வர, சத்தத்தைப் பாதியாக இறக்கி, பழைய வயலின் தட்டு ஒன்றை எடுத்து, சேலைத் துணியால் துடைத்து, ஊசியை வைத்தார்.

தறிகளும் கிரைண்டர்களும் மோட்டார்களும் இல்லாத சுத்தமான கரண்டில் அந்த வயலின் அவர் வீட்டுக்குள் முதல்முறையாக வந்தது. வில்லில் தடவிய பிசின் தந்தியில் உரசுவது கேட்டது. வாசிக்கிறவர் அடுத்த சங்கதிக்கு முன் மூச்சை இழுப்பது கேட்டது. ஒரு சுரம் நீண்டு, மெலிந்து, இன்னும் மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்துக்குப் போய், அங்கேயும் கொஞ்சம் இருந்துவிட்டு, முடிந்தது. எந்த இடத்தில் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் இத்தனை வருடமாகச் சொன்னது சரிதான். கரண்ட் சுத்தமாக இருந்தால் பாட்டு வேறுதான், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்தான், அதில் சந்தேகமே இல்லை. அதைச் சொல்ல அவர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது அவருக்கு விளங்கியது. கம்பியில் தனியாக ஒரு சம்பூர்ணம் இல்லை. பாவாயி பேசும்போது பாவாயியின் கல்லில் இருந்தாள், மாரப்பன் அழும்போது மாரப்பனின் தறியில் இருந்தாள். எல்லார் கலக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தாள். எல்லாரும் அவளை அவருக்குக் கொடுப்பதற்காக அவரவர் கலக்கத்தை நிறுத்திக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். அந்தத் தெருவே சேர்ந்து, அவர் வாங்கியதைவிடப் பல மடங்கு நல்ல ஒரு பில்டராக ஆகியிருந்தது.

ஊசியைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். கண்கள் சிவந்திருந்தன. வாசல் முழுக்க முகங்கள். நாச்சிமுத்து செருப்பில்லாமல் கொதிக்கிற மண்ணில் நின்றிருந்தார். பாவாயியின் முழங்கை வரை மாவு காய்ந்து வெடித்திருந்தது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை, கேட்டால் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்கும் என்று பயந்தார்கள். கடைசியில் பாவாயி உதட்டை மட்டும் அசைத்து, "வந்துச்சுங்களா மாமா?" என்றாள்.

"வந்துட்டா" என்றார் அர்த்தனாரி.

மாரப்பன் 'ஓ' என்று கத்தினான். தையல்காரி அழுதாள். சலூன்காரர் யாரையோ கட்டிப்பிடித்தார். நாச்சிமுத்து மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, பட்டறைக்குத் திரும்பி நடந்தார். வீடு வீடாக மெயின்கள் ஏறின. தறிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பாவாயி பாதியில் விட்ட மாவை அரைக்க உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்லி, ஓர் இடத்தில் நிறுத்தினாள். கல் உருண்டது. அவள் சிரித்துக்கொண்டாள். "அதான், ஊட்டுக்குப் போயிட்டீங்கல்ல" என்று சொல்லிவிட்டு மீதியைப் பேசாமல் அரைத்தாள்.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் அவள் உம் கொட்டவில்லை. யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. புருஷன் வீட்டில் இருக்கும்போது அவள் ஏன் இங்கே வரவேண்டும் என்றார்கள். அவளை மறுபடி இழுத்துவிடக்கூடாது என்பதில் எல்லாரும் கவனமாக இருந்தார்கள். கிரைண்டருக்கு முன்னால் பேச்சு வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள், தறியின் மேல் குனிந்து வாய் திறக்கப்போனவனை அடுத்த தறிக்காரன் முழங்கையால் இடித்தான். மீட்டர் பெட்டியில் மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. மாரப்பன் மறுபடி குடிக்கத் தொடங்கினான். அர்த்தனாரி எப்போதாவது யார் வீட்டு வாசலிலாவது வந்து நின்று, உள்ளே விசிறி ஓடுவதைக் கேட்பார். "என்ன மாமா, அக்காவ ஊட்டுல தனியா உட்டுட்டு வந்துட்டீங்க?" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

மாசி பிறந்து ஒரு சாயங்காலம் பாவாயி அவர் வீட்டுக்கு வந்தாள். தலை வாரியிருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிற பெண்ணைப் போல இருந்தாள்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. அக்காகிட்ட ஒண்ணு சொல்லோணும். வேற ஆருகிட்டயும் சொல்ல முடியாது. அந்தப் பொட்டியச் சித்த போடறீங்களா?"

அவர் போய் ஆம்ப்ளிபயரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவின் எல்லாத் தறிகளும் ஸ்பீக்கரில் உம்மென்று இரைந்தன. அதில் அவள் இல்லை என்பது அந்தத் தெருவில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். பாவாயி தரையில் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டு, குனிந்து பேசினாள்.

"அக்கா, கோமதி வந்துட்டாளுங்க. பையத் தூக்கிட்டு வந்து நாலு நாளாச்சு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. குளிக்கறப்ப முதுகப் பாத்தனுங்க அக்கா."

நிறுத்தினாள். நிறுத்தும் இடம் அதுதான். தறிகள் இரைந்தன. அவள் முகம் நிமிராமல் காத்திருந்தாள். அவள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அக்கா ஒண்ணும் சொல்லலீங்களா மாமா? எனக்குக் காதுல விழுகல."

அர்த்தனாரி நாற்காலியை விட்டு இறங்கி, தரையில், ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். குனிந்து, நெடுநேரம் கேட்கிறவர்போல, மரத்தில் காதை வைத்தார்.

"கேட்டுட்டுத்தான் இருக்கறா" என்றார். "மேல சொல்லு."